துணி இருக்கையின் தண்ணீர்க் கறையும் வேலூரின் உப்புத் தண்ணீரும்

துணி உறை போட்ட கார் இருக்கையில் தண்ணீர் கொட்டிக் காய்ந்த பிறகு, நனைந்த இடத்தின் நடுப்பகுதி சுத்தமாகவும் அதன் விளிம்பில் மட்டும் பழுப்புக் கோடு ஒன்று வளைந்து நெளிந்து ஓடுவதையும் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் ஈரத் துணியை வைத்துத் தேய்த்தால், கோடு மறைந்தது போலத் தோன்றி, மறுநாள் சற்றுத் தள்ளி இன்னும் பெரிய வட்டமாக வந்து நிற்கும். எங்கள் காரின் பின்னிருக்கையில் விழுந்த அத்தகைய கறையை முழுவதுமாக நீக்கிய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு: நம் ஊரில் முதலில் கொட்டிய தண்ணீர் செய்யும் கெடுதலைவிட, அதைக் கழுவுவதற்காக ஊற்றும் போர்வெல் தண்ணீர் செய்யும் கெடுதல் பெரியது.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்குக் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் 20 லிட்டர் கேனில்தான் வருகிறது. கேன் போடும் தம்பி வராத நாட்களில் கடைக்குப் போய்க் காரிலேயே ஏற்றி வந்துவிடுவோம். கோடை தொடங்கிய சமயத்தில் அப்படிக் கொண்டுவந்த ஒரு கேனின் அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்திருக்கிறது. வீடு வந்து சேர்வதற்குள் பின்னிருக்கையின் இடப்பக்கம் ஊறிவிட்டது. குடிக்கிற தண்ணீர்தானே, காய்ந்தால் தடம் தெரியாது என்று வீட்டில் சொன்னார்கள். காய்ந்த பிறகு பார்த்தால், இளம் பழுப்புத் துணியின் மேல் டிகாக்‌ஷன் சிந்தியது போல ஒரு கோடு. கேன் தண்ணீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. கரைந்த பொருளின் அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஐம்பதுக்குக் கீழேதான் காட்டியது. ஆகவே அந்தக் கறை தண்ணீரிலிருந்து வந்திருக்க முடியாது. பல வருடங்களாக இருக்கைக்குள் இறங்கியிருந்த வியர்வையின் உப்பு, தலை எண்ணெய், சாலைப் புழுதி, முன்பு எப்போதோ போட்ட சோப்பின் மிச்சம் ஆகிய அனைத்தையும் அந்த நல்ல தண்ணீர் கரைத்து எடுத்து ஓரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் பெரிய பாடம். கறையை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியை விட்டோம். அங்கே ஷாம்பு போட்டு நுரை பொங்கத் தேய்த்து, போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மேலாகத் துடைத்து, கண்ணாடிகளை ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். கையில் வாங்கும்போது இருக்கை புதியது போல இருந்தது. ஒரு வாரத்துக்குள் பழைய கோடு இருந்த இடத்திலேயே திரும்பி வந்ததோடு, இருக்கை முழுவதும் வெள்ளைப் பூத்தாற்போல ஒரு படிவும், கதவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் முடை நாற்றமும் சேர்ந்துகொண்டன.

பிறகு குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பழைய பஸ் இருக்கைகளையும் ஆட்டோ இருக்கைகளையும் பிரித்துத் தைத்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். நான் துணியைக் காட்டிப் பேசத் தொடங்கினேன். அவர் துணியைப் பார்க்கவே இல்லை. பின்னிருக்கையின் முன்விளிம்பில் கையை விட்டு இரண்டு கிளிப்புகளை இழுத்து, உட்காரும் பலகையை அப்படியே வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் இருந்த ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி மேலே வந்தது. கழுவி ஒரு வாரம் கழித்து, அதுவும் வேலூர் வெயிலில் நின்ற வண்டியில், உள்ளே அவ்வளவு ஈரம் இருந்தது. “தம்பி, துணியில ஒண்ணும் இல்ல. தண்ணி எல்லாம் ஸ்பாஞ்சுல நிக்குது. அது மேல ஏறி வந்து காயற வரைக்கும் நீங்க என்ன போட்டுத் தேய்ச்சாலும் கோடு வந்துகிட்டேதான் இருக்கும். தண்ணி ஊத்தறது பெரிசு இல்ல, ஊத்துன தண்ணிய வெளிய எடுக்கணும்” என்றார். “அப்ப துணியை மாத்த வேண்டாமா பாய்?” என்று கேட்டேன். தன் வருமானத்துக்கு வழி இருந்தும், மாற்றத் தேவையில்லை என்று சொல்லி, பலகையை நிழலில் சாய்த்து வைத்துக் காற்றில் காயவிடும்படி அனுப்பினார். அந்த நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கறை ஏன் விளிம்பில் சேர்கிறது என்பதற்கு இயற்பியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. மேசையில் சிந்திய காபித் துளி காயும்போது ஓரத்தில் மட்டும் கருவளையம் விழுவதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1997-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். துளியின் விளிம்பு அசையாமல் ஒட்டி நிற்கும்போது, அங்கே ஆவியாகிப் போகும் தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. ஓடும் தண்ணீர் தன்னோடு துகள்களை இழுத்துச் சென்று அங்கே விட்டுவிடுகிறது. துணியிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. நனைந்த பகுதியும் காய்ந்த பகுதியும் சந்திக்கும் எல்லையில் கரைந்தவை எல்லாம் தங்கிவிடுகின்றன. துணிக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தால், திரியில் எண்ணெய் ஏறுவது போல ஈரம் மேலேறி வந்து துணியின் பரப்பில் ஆவியாகி, அழுக்கையும் உப்பையும் நாள்தோறும் அங்கேயே இறக்கும். கார் இருக்கைத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். அந்த இழை தண்ணீரைத் தனக்குள் உறிஞ்சுவது மிகக் குறைவு என்பதால், ஊற்றிய தண்ணீர் இழைகளுக்கிடையே நழுவி நேராக ஸ்பாஞ்சுக்குத்தான் போய்ச் சேருகிறது.

இதோடு நம் ஊர்த் தண்ணீரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அது உப்பேறிப்போன கதையும் நாடறிந்தது. இந்த மாசு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வந்ததுதான். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதே விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 10500 கூறுகிறது. எங்கள் தெரு போர்வெல் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உள்ள தண்ணீர் இரண்டு லிட்டர் இருக்கைக்குள் தங்கிக் காய்ந்தால், மூன்று கிராம் உப்பு உள்ளே நின்றுவிடும். அது சுமார் அரை டீஸ்பூன். அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து வெளிர்நிறத் துணியின் மேல் தெளிக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள். கழுவுகிறோம் என்ற பெயரில் அதைத்தான் செய்கிறோம்.

இந்த உப்பும் ஒரே வகையானதன்று. சாப்பாட்டு உப்பு போன்றவை நல்ல தண்ணீர் பட்டாலே கரைந்துவிடும். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகள் காயும்போது கார்பனேட்டாக மாறி, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் அந்த வெள்ளைப் பொருளாகிவிடுகின்றன. அவற்றை வெறும் தண்ணீர் அசைக்காது, அமிலம்தான் கரைக்கும். வினிகர் இங்கே பயன்படுவது இதனால்தான். சில உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையவை; மே மாதத்தில் வெளிறித் தெரிந்த அதே கோடு ஐப்பசி மழைக் காலத்தில் கறுத்துத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இனி நான் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் வேண்டியது உப்பில்லாத தண்ணீர். பேட்டரிக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மிகவும் பொருத்தம். வீட்டு ஆர்ஓ தண்ணீரும் பரவாயில்லை. வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து விழுவது என்பதால் உப்பு மிகக் குறைவு. சுத்தமான பக்கெட்டில் பிடித்து, தூசி போக மெல்லிய துணியில் வடிகட்டினால் முதல் சுற்றுக்கு உதவும். காய்ச்சி ஆறவைத்த போர்வெல் தண்ணீர் உதவாது, ஏனென்றால் காய்ச்சும்போது கடினத்தன்மையின் ஒரு பகுதி மட்டுமே படிவாக இறங்குகிறது, மற்ற உப்புகள் அப்படியே நிற்கின்றன.

தண்ணீர் படுவதற்கு முன்பு இருக்கையை வேக்யூம் கிளீனரால் நன்றாக இழுத்துவிட வேண்டும். தையல் மடிப்புகளில் நிற்கும் புழுதி நனைந்தால் சேறாகி இன்னொரு கறையாகிவிடும். பிறகு, இருக்கையின் அடிப்பக்கம் போன்ற கண்ணில் படாத ஓரத்தில் கரைசலைத் தொட்டு வைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்து, சாயம் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கரைசல் என்பது மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் நான்கைந்து சதவீதம்தான் இருக்கும் என்பதால் பாலியெஸ்டர் துணிக்கு ஆபத்தில்லை. இதைத் தெளிப்பான் புட்டியில் ஊற்றிக்கொண்டேன்.

இந்த வேலையின் உயிர்நாடி தெளிக்கும் விதத்தில் இருக்கிறது. கறை உள்ள இடத்தில் மட்டும் தெளித்தால் அந்த ஈரத்துக்கு ஒரு புது விளிம்பு உண்டாகி, அங்கே புது வளையம் விழும். ஆகவே ஒரு தையல் முதல் அடுத்த தையல் வரை உள்ள துண்டு முழுவதையும், மெல்லிய பனி போல, ஒரே சீராக நனைக்க வேண்டும். ஈரத்தின் எல்லை தையலோடு போய் முடிந்துவிட்டால் கோடு விழுவதற்கு வெட்டவெளியில் இடம் இருக்காது. துணி நனைய வேண்டும், ஸ்பாஞ்ச் நனையக் கூடாது. கையால் அழுத்தினால் தண்ணீர் மேலே வரும் அளவுக்குத் தெளித்துவிட்டால் அது அளவு மீறியது என்று பொருள்.

சில நிமிடங்கள் ஊறிய பிறகு ஒற்றி எடுக்க வேண்டும். இதற்கு நான் கண்டவற்றில் பழைய பருத்தி வேட்டிக்கு இணையாக எதுவும் இல்லை. பலமுறை துவைத்து மென்மையான வேட்டி தண்ணீரை அப்படி இழுக்கும். ஆனால் சாயக் கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியாக இருந்தால் அந்த நீலம் ஈரத்தில் இருக்கைக்கு இறங்கிவிடும் என்பதால், டிஸ்டில்டு வாட்டரில் அலசிக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். வேட்டியை நான்கைந்து மடிப்பாக மடித்து, இருக்கையின் மேல் வைத்து, உள்ளங்கையால் உடல் எடையைக் கொடுத்து அழுத்தினேன். மடிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, துணியின் நெசவுத் தடத்தோடு வெளிர் தேநீர் நிறத்தில் அழுக்கு பதிந்திருந்தது. காய்ந்த மடிப்பைத் திருப்பித் திருப்பி, வேட்டியில் நிறம் ஏறுவது நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் பாலியெஸ்டர் இழைகள் மேலெழும்பி, கறை போன பிறகும் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

அதன் பின் வெறும் டிஸ்டில்டு வாட்டரை அதே போலத் தையலுக்குத் தையல் தெளித்து, மறுபடி ஒற்றி எடுக்க வேண்டும். வினிகர் கரைத்து விட்ட உப்பை வெளியே கொண்டுவருவது இந்தச் சுற்றுதான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஈரத்தையும் இழுக்கும் வேக்யூம் கிளீனர் கிடைத்தால் இங்கே பயன்படுத்தலாம். தூசிக்கான சாதாரண வேக்யூம் கிளீனரை ஈரத்தில் வைக்கக் கூடாது, மோட்டாரில் தண்ணீர் ஏறி ஷாக் அடிக்கும் அபாயம் உண்டு.

கடைசியாகச் செய்ததுதான் பலன் தந்ததில் முதன்மையானது என்று நினைக்கிறேன். காய்ந்த வேட்டித் துண்டுகளை மூன்று நான்கு அடுக்காக, நனைத்த இருக்கைப் பகுதி முழுவதையும் மூடும்படி விரித்து, மேலே தடித்த புத்தகங்களைப் பரப்பி வைத்து, இரவு முழுவதும் விட்டுவிட்டேன். ஸ்பாஞ்சிலிருந்து ஏறிவரும் ஈரம் இப்போது இருக்கைத் துணியில் ஆவியாகாமல் வேட்டிக்குள் ஏறி, வேட்டியின் மேற்பரப்பில் ஆவியாகிறது. அழுக்குக் கோடும் அங்கேயே விழுகிறது. உப்பேறிய கற்சுவர்களில் காகிதக் கூழை அப்பி உலரவிட்டு உப்பை இழுப்பதும் இதே தத்துவத்தில்தான். காலையில் எடுத்துப் பார்த்தபோது மேல் வேட்டியில் பழுப்புக் கோடு தெளிவாக இருந்தது, இருக்கையில் இல்லை.

காயவைப்பதில் அக்னி நட்சத்திர வெயிலை நம்பி வண்டியைக் கண்ணாடி ஏற்றி நிறுத்துவது சரியான வழியாகாது. மூடிய வண்டிக்குள் ஆவியான ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றும். நேரடி வெயிலில் சாயமும் வெளுக்கும். கழற்ற முடிந்த பின்னிருக்கைப் பலகையைக் கழற்றி, நிழலில் நிமிர்த்திச் சாய்த்து, டேபிள் ஃபேனை அடிப்பக்கம் பார்த்து வைப்பதே நல்லது. துணி காய்ந்துவிட்டது என்பதால் ஸ்பாஞ்ச் காய்ந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. ஒரு டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து, இருக்கையில் வைத்து, முழு எடையோடு ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள்; பேப்பர் துளியும் ஈரப்படாவிட்டால்தான் வேலை முடிந்தது. ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், முடை நாற்றம் அதனுடைய அடையாளம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேன் மட்டும் போதாது. அப்போது ஏசியைப் போட்டு வெப்பநிலைத் திருகியைச் சூடான பக்கம் திருப்பி வைத்தால், ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கித் தரும். இதை வண்டி ஓடும்போதோ திறந்த வெளியிலோ மட்டுமே செய்ய வேண்டும்; மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

பலரும் பரிந்துரைக்கும் சில முறைகளை நான் ஏற்கவில்லை. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை பொங்க ஊற்றுவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற இன்னொரு உப்புக் கரைசல்தான். சமையல் சோடாவை நாற்றத்துக்காக, முழுவதும் காய்ந்த இருக்கையில் தனியாகத் தூவி, சில மணி நேரம் விட்டு இழுத்துவிடலாம். ஷேவிங் க்ரீமும் குளியல் சோப்பும் கடினத் தண்ணீரோடு சேர்ந்தால் சாம்பல் நிறக் கசடாக இழைகளில் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றின் சர்க்கரை பிசுபிசுப்பாகத் தங்கிப் புழுதியை இழுக்கும், புளியும் பூந்திக்கொட்டையும் தம் நிறத்தையே விட்டுப் போகும், ப்ளீச்சிங் பவுடர் சாயத்தை எடுத்துவிடும். எண்ணெய்க் கறையும் சேர்ந்திருந்தால் மட்டும், நிறமற்ற மென்மையான திரவ டிடர்ஜென்ட் ஓரிரு சொட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து முதலில் ஒற்றிவிட்டு, பிறகு மேற்சொன்ன முறைக்குப் போகலாம்.

முன்னிருக்கைகளில் இன்னும் கவனம் வேண்டும். 2019 ஜூலை 1 முதல் முன்வரிசை இருவருக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயமானதால், அதன் பின் தயாரான கார்களில் பயணி இருக்கையின் துணிக்கு அடியில் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சார் இருக்கும். பல கார்களில் இருக்கையின் பக்கவாட்டிலேயே ஏர்பேக்கும் உண்டு. இருக்கைக்குக் கீழே மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது, அதைக் கழற்றக் கூடாது. எனவே முன்னிருக்கையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ யாரையும் அனுமதிக்காதீர்கள். அண்மைக் கார்களில் பின்னிருக்கை அடியிலும் வயர்கள் வருவதால், பலகையைத் தூக்கும் முன் குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது போன்ற வெள்ளத்தில் ஊறிய இருக்கைக்கு இந்த முறை பொருந்தாது. அதில் சாக்கடையும் சேறும் கலந்திருக்கும். குஷன் கடையில் பிரித்து ஸ்பாஞ்சை மாற்றுவதே ஆரோக்கியத்துக்கு நல்லது. அதுபோலவே, சாயமே நகர்ந்துவிட்ட துணியிலும், ப்ளீச் பட்ட துணியிலும் வினிகரால் ஆவது எதுவும் இல்லை.

கறையை மறைக்க ரெக்சின் உறை மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஈரம் இருக்கும்போது மாட்டினால், காற்றுப் புகாத அந்த உறைக்கு அடியில் ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் அழுகும். உறை மாட்டுவதாக இருந்தால் டிஷ்யூ பேப்பர் சோதனையில் இருக்கை தேறிய பிறகு மாட்டுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையானால், அது விரிந்து வெளிவரும் இடத்தில் எளிதில் பிரியும்படி தைத்த உறையா என்று குஷன் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.